டேம்பஸ்டர் லங்காஸ்டர் 1/72 கிட்: விமானம் சரி, ஏழு பேர் எங்கே?

இரண்டாம் உலகப்போரில், 1943 மே 16 இரவு இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் தளத்திலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. விமானத்துக்கு ஏழு பேர், மொத்தம் 133 பேர். ஜெர்மனியின் அணைகளை உடைத்து ரூர் தொழிற்பகுதியை முடக்குவதுதான் அவர்களுக்குக் கொடுத்த வேலை. டேம்பஸ்டர், அதாவது அணை உடைப்பவர், என்ற பெயர் அதனால் வந்தது. மோனே அணையும் எடர் அணையும் உடைந்தன, சோர்ப்பே அணை தாங்கி நின்றது. 8 விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், 3 பேர் உயிரோடு பிடிபட்டார்கள்.

இந்தத் தாக்குதலுக்கான லங்காஸ்டரை 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காக, பாகம் பாகமாக ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட்டாக வாங்கலாம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருந்துகொண்டு தபாலில் வரவழைத்துக் கட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். விமானம் என்று பார்த்தால் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. நினைவுப்பொருள் என்று பார்த்தால் பெட்டிக்குள் இருப்பது பாதிதான். மீதிப் பாதியை நம் ஊர்ப் பாத்திரக் கடையிலும் மரக்கடையிலும் செய்துகொள்ள முடியும். அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் பெட்டி சரியானதா என்று பாருங்கள். லங்காஸ்டர் என்று போட்ட எல்லாப் பெட்டியும் இதற்கு ஆகாது. அணைத் தாக்குதலுக்காக 23 லங்காஸ்டர்களைத் தனியாக மாற்றினார்கள், கிட் அந்த வகையாக இருக்க வேண்டும். முதுகில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டை எடுத்துவிட்டார்கள், அந்த இடம் வழவழப்பாக மூடியிருக்கும். குண்டு வைக்கும் அறையின் கதவுகள் கிடையாது. அதற்குப் பதில் இரண்டு பக்கமும் V வடிவக் கைகள் இறங்கி ஒரு உருளையைப் பிடித்திருக்கும். உருளையைச் சுழற்றும் வார்ப்பட்டை ஒரு பக்கம் மட்டும் வரும். வயிற்றில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு விளக்குகள். சாதாரண லங்காஸ்டர் கிட்டை வாங்கி இதையெல்லாம் கையால் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். முதுகை அடைத்து வழவழப்பாக்கவே பல நாள் போகும். வேண்டாம்.

குண்டு உருண்டையானது என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். குண்டை வடிவமைத்த பார்ன்ஸ் வாலிஸ் முதலில் அப்படித்தான் திட்டமிட்டார், கடைசியில் போனது உருளைதான். நிஜத்தில் அதன் நீளம் 60 அங்குலம், விட்டம் 50 அங்குலம். கிட்டில் அது சுமார் 21 மில்லிமீட்டர் நீளமும் 17.6 மில்லிமீட்டர் விட்டமுமாக இருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். எடை 9,250 பவுண்டு, அதாவது சுமார் 4,200 கிலோ. அதில் டார்ப்பெக்ஸ் வெடிமருந்து மட்டும் 6,600 பவுண்டு. நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் பின்பக்கமாகச் சுழற்றிப் போட்டார்கள். அப்படிச் சுழன்றால்தான் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய், அணையில் மோதியபின் சுவரை ஒட்டியே கீழே இறங்கும். 30 அடி ஆழத்தில் நீரழுத்தம் திரியைத் தட்டிவிடும். நீருக்குள் சுவரோடு ஒட்டி வெடித்ததால்தான் அவ்வளவு கனமான கட்டுமானம் உடைந்தது. சுவரை விட்டு விலகி வெடித்திருந்தால் அதே மருந்து அணையை அசைத்திருக்காது. உருளை கைகளுக்கு நடுவில் இலேசாகச் சுற்றும்படி விடுங்கள், பசை போட்டு இறுக்காதீர்கள்.

கட்டும் வேலைக்கு வருவோம். பாகங்களை, அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு வைத்தே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் பெயின்ட் பின்னால் உரியும். இறக்கை 432 மில்லிமீட்டர் அகலம், அதாவது 17 அங்குலம். இவ்வளவு அகலத்தைத் தாங்க, உடலுக்குள் குறுக்கே இரண்டு தண்டுகள் போகும். முழுக் கட்டுமானத்தின் உயிர்நாடி இந்தத் தண்டுகள்தான். இவை அரை மில்லிமீட்டர் சாய்ந்தால் இறக்கை நுனியில் அது நாலைந்து மில்லிமீட்டராகத் தெரியும். பசை போட்டதும் இறக்கையை மாட்டிவிடாதீர்கள். உடலின் இரண்டு பாதிகளையும் ரப்பர் பேண்டால் கட்டி ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் மாட்டுங்கள். நடு இறக்கை நேராக இருக்கும். வெளி இறக்கை மட்டும் 7 டிகிரி மேல்நோக்கிப் போகும். இன்ஜின் கூண்டுகளைப் பொருத்துமுன் இதைச் சரிபார்க்க வேண்டும், பிறகு திருத்த வழியில்லை.

மூக்கில் ஈயக் குண்டு எதுவும் போட வேண்டியதில்லை. லங்காஸ்டர் வாலில் உட்காரும் விமானம். மூக்குச் சக்கர விமானம் கட்டிப் பழகியவர்கள் பழக்கதோஷத்தில் எடை போட்டுவிடுகிறார்கள், அது சக்கரக் கால்களை வளைத்துவிடும்.

மூக்கில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டை உடலின் பாதிகளை ஒட்டுமுன்பே உள்ளே வைக்கச் சொல்லும் கிட்டாக இருந்தால் துப்பாக்கிக் குழாய்களை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை உடையாமல் பெயின்ட் வேலை முடிந்ததே இல்லை. இந்த மூக்குக் கூண்டுக்கு ஒரு காரணம் உண்டு. முதுகுக் கூண்டு போனதால் அங்கே உட்கார வேண்டியவர் முன்னால் வந்தார். சாதாரணமாக மூக்குத் துப்பாக்கியைக் கவனிப்பவர் குண்டு குறிபார்ப்பவர். இந்தத் தாக்குதலில் அவர் கண்ணை எடுக்காமல் கீழே படுத்துக் குறிபார்க்க வேண்டும். அதனால் முன் துப்பாக்கிக்காரர் தனி ஆள். அவருடைய கால், குறிபார்ப்பவரின் தலையில் படாமலிருக்க மிதிவளையம் தொங்கவிட்டார்கள். மெல்லிய கம்பியில் இரண்டு வளையம் செய்து தொங்கவிட்டால் மூக்குக் கண்ணாடி வழியாகத் தெரியும். பெட்டியில் அதற்கான பாகம் இல்லை.

கண்ணாடிப் பாகங்களுக்கு ஃபெவி குவிக் பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி உள்பக்கம் வெள்ளைப் படலமாகப் படியும், துடைக்க முடியாது. சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். பிசிறினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

கிட்டின் குறை என்று சொன்னால், உலோகத் தகடுகளின் இணைப்புக் கோடுகள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. நிஜ விமானத்தை இதே அளவில் தெரியும் தூரத்திலிருந்து பார்த்தால் இவ்வளவு தெரியாது. இரண்டு தடவை பிரைமர் அடித்து, இடையில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு இலேசாகத் தேய்த்தால் பாதி அடங்கும். கோடுகளில் கறுப்பு மை விட்டுத் தூக்கிக் காட்டும் வழக்கம் இந்த விமானத்துக்கு வேண்டாம்.

இனி நம் ஊர் வெயில். பெட்டியோடு வரும் விளக்கத்தாளை 20 டிகிரி அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் காரைக்குடியில் ஆக்ரிலிக் பெயின்ட் ஏர்பிரஷ் முனைக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலேயே காய்ந்துவிடும். விழும்போது பொடியாக விழுவதால் மேற்பரப்பு உப்புத்தாள் போல் சொரசொரக்கும். மூன்று விஷயம் செய்யுங்கள். காலை ஏழு மணிக்குள் அடித்து முடியுங்கள். பெயின்ட் காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சில சொட்டு சேருங்கள். முனையை வழக்கத்தைவிட நெருக்கி, நாலைந்து சென்டிமீட்டரில் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அப்போது வேலையை நிறுத்திவைப்பதுதான் வழி.

தூசி அடுத்த எதிரி. நம் செம்மண் தூசி மெல்லியது, பிளாஸ்டிக்கின் நிலைமின்சாரம் அதை இழுத்து ஒட்டவைக்கும். கறுப்புப் பெயின்டில் அது பளிச்சென்று தெரியும். வளவில் உட்கார்ந்து பெயின்ட் அடிப்பது வெளிச்சத்துக்கு நல்லது, ஆனால் திறந்த வானத்திலிருந்து இறங்கும் காற்று எல்லாவற்றையும் கொண்டுவரும். குளியலறைத் தரையில் தண்ணீர் தெளித்து, கால்மணி நேரம் கதவை மூடிவைத்துவிட்டு, பிறகு ஜன்னலைத் திறந்து அங்கே அடியுங்கள்.

நிறத்துக்கு வரிசை உண்டு. மேல்பக்கத்துக்கு முதலில் மண்பழுப்பு, பிறகு மறைத்துக் கரும்பச்சை, கடைசியில் அடிப்பக்கத்துக்குக் கறுப்பு. கறுப்பை முதலில் அடித்தால் அதன் பிசிறை மறைக்க மேலே மூன்று பூச்சு போட வேண்டிவரும். கறுப்பு வயிற்றோடு நிற்காது, பக்கவாட்டில் மேலே ஏறும். புட்டியிலிருந்து வரும் தனிக் கறுப்பை அப்படியே அடித்தால் 17 அங்குல இறக்கையின் அடிப்பகுதி முழுவதும் ஒரு நிழலாக அடைத்துவிடும். எட்டுப் பங்கு கறுப்புக்கு இரண்டு பங்கு கருஞ்சாம்பல் சேருங்கள். ஹார்டுவேர் கடை மாஸ்கிங் டேப்பின் பிசின் அதிகம். முதலில் உள்ளங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அடியில் உள்ள பச்சையைத் தோலோடு உரிக்கும்.

எழுத்துத்தாள், அதாவது டெக்கால், போடுமுன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் போட்டால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். போர்வெல் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு, காய்ந்ததும் எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையமாக நிற்கும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பாட்டில் பல கிட்டுக்கு வரும். பார்சல் பல நாள் வேனிலும் குடோனிலும் வெயிலில் கிடந்திருந்தால் எழுத்துத்தாள் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். வேண்டாத ஒரு சின்ன எழுத்தை முதலில் ஊறவைத்துப் பாருங்கள். அது துண்டு துண்டானால், தாள் முழுவதுக்கும் மெல்லிய லாக்கர் ஒரு பூச்சு அடித்துக் காயவைத்து, பிறகு ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள்.

இந்த எழுத்துத்தாளில்தான் எங்கள் பெரிய வருத்தம் இருக்கிறது. முன்னால் நிற்பது AJ-G, வரிசை எண் ED932. AJ படைப்பிரிவின் குறி, G அந்த விமானத்தின் எழுத்து. படைத்தலைவர் கை கிப்சன் ஓட்டிய விமானம். அவர் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். தன் குண்டைப் போட்டு முடித்த பிறகும் அடுத்தடுத்த விமானங்களோடு கூடவே பறந்து, எதிரியின் சுடுதலைத் தன் பக்கம் இழுத்தவர். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தில் ஸ்டீன்பெர்கன் அருகே விழுந்து இறந்தார். அவரைக் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 19 விமானத்தில் ஒன்றை மட்டுமே எல்லோரும் கட்டுகிறார்கள். அதுவும் திரும்பி வந்த விமானம். இறந்த 53 பேரில் ஒருவர்கூட அதில் போனவர் இல்லை. நினைவுக்காகக் கட்டுகிறோம் என்றால் திரும்பாத எட்டில் ஒன்றைக் கட்டுங்கள்: A, B, C, E, K, M, S, Z.

உருவத்தில் வித்தியாசம் இல்லை, எழுத்தும் எண்ணும்தான் மாறும். இதில் சுலபமானது K. ED932 என்பது ED934 ஆக வேண்டும், ஒரே ஒரு எண். Z-க்கு ED937, அதுவும் ஒரே எண்தான். M-க்கு ED925, E-க்கு ED927. இவற்றுக்கு இரண்டு இலக்கம் மாறும். இந்தச் சின்ன எண்களை ஸ்டிக்கர் கடையில் வெட்ட முடியாது, மெஷினின் கத்தி இவ்வளவு சிறிய வளைவில் திரும்பாது. 1/72-க்கான தனி எண் தாள் ஒன்று வாங்கி, மங்கிய சிவப்பு நிறத்தைப் பார்த்து எடுங்கள். பெரிய K-க்கு அந்தத் தொல்லை இல்லை. தாளில் உள்ள G-யின் உயரத்தையும் கோட்டின் தடிப்பையும் அளந்து, வண்டி நம்பர் ஒட்டும் கடையில் வினைல் ஸ்டிக்கரில் K-யை வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய எழுத்தை எறிந்துவிட்டு, ஓட்டையுள்ள வெளித்தாளை அச்சாக ஒட்டி, முதலில் மெல்லிய இளஞ்சாம்பலும் மேலே மங்கிய சிவப்பும் அடிக்க வேண்டும். கறுப்பின்மேல் நேராகச் சிவப்பு அடித்தால் பழுப்பாக அமுங்கிவிடும். AJ இரண்டும் பெட்டித் தாளிலிருந்து வருவதால் நிறம் ஒத்துப்போகிறதா என்று ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

AJ-K-யை நாங்கள் முன்னால் வைப்பதற்கு எண் சுலபம் என்பது மட்டும் காரணமில்லை. அது சோர்ப்பே அணைக்குப் போக வேண்டிய விமானம். இரவு 11 மணி அளவில் நெதர்லாந்தின் டெக்சல் தீவருகே தரையிலிருந்து சுடப்பட்டு வாடன் கடலில் விழுந்தது. அன்றிரவு விழுந்த முதல் விமானம் அதுதான். ஏழு பேரில் ஒருவர் உடல் மட்டும் கிடைத்தது. பின் துப்பாக்கிக்காரர் ஜேம்ஸ் மெக்டவல், ஹார்லிங்கன் ஊர் மயானத்தில் இருக்கிறார். மற்ற ஆறு பேருக்குக் கல்லறை கிடையாது. இங்கிலாந்தின் ரன்னிமீடில், கல்லறை இல்லாத 20,000-க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்களோடு அவர்கள் பெயரும் கல்லில் இருக்கிறது.

அந்த ஏழு பேர்: விமானி வெர்னன் பையர்ஸ், ஃப்ளைட் இன்ஜினியர் அலஸ்டர் டெய்லர், நேவிகேட்டர் ஜேம்ஸ் வார்னர், வயர்லெஸ் ஆபரேட்டர் ஜான் வில்கின்சன், குண்டு குறிபார்ப்பவர் நெவில் விட்டேக்கர், முன் துப்பாக்கி சார்ல்ஸ் ஜார்வி, பின் துப்பாக்கி ஜேம்ஸ் மெக்டவல். பையர்ஸும் மெக்டவலும் கனடா நாட்டுப் படையைச் சேர்ந்தவர்கள்.

M கட்ட விரும்புபவர்களுக்கு: அதை ஓட்டிய ஜான் ஹாப்குட்டுக்கு வயது 21. மோனே அணையை நெருங்கும்போதே விமானம் எரியத் தொடங்கியது. மற்றவர்கள் குதிக்கட்டும் என்று அவர் அதை முடிந்தவரை மேலே இழுத்துப் பிடித்தார். இரண்டு பேர் தப்பினார்கள். அவர்களில் ஒருவரான ஜான் ஃப்ரேசர் பின்னாளில் தன் மகனுக்கு ஹாப்குட் பெயரைச் சேர்த்து வைத்தார். பேரனுக்குத் தாத்தா பெயரை விடாமல் வைக்கும் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. E விமானம் ஜெர்மனியின் ஹால்டர்ன் அருகே மின்கம்பியில் மோதி விழுந்தது. அதன் பின் துப்பாக்கிக்காரர் ஜாக் லிடெல், அன்றிரவு போன 133 பேரில் இளையவர், 18 வயது.

இப்போது பாத்திரக் கடை. சீர் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் பெண்ணை அனுப்பாத ஊர் நம்முடையது. பித்தளை அண்டாவில் விலாசம் வெட்டும் அதே மெஷினில் இந்த ஏழு பெயரையும் வெட்டலாம். கிட்டோடு பெயர்த்தகடு எதுவும் வராது. தனியாக இணையத்தில் விற்கும் தகடுகளிலும் விமானத்தின் பெயரும் எண்ணும்தான் இருக்கின்றன. கடையில் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள், ஏழு பெயருக்கும் ஊருக்கும் தேதிக்கும் சேர்த்துச் சின்னத் தொகைதான் ஆகும். இந்த மொத்த வேலையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு கிடைப்பது வேறு எதிலும் இல்லை.

செய்யும் விதம்: ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பித்தளைத் தகடு, 6 அங்குல நீளம், 3 அங்குல உயரம். மெல்லிய தகடு வாங்கினால் வெட்டும்போது முனை அழுத்தி வளைந்துவிடும். நான்கு மூலையிலும் ஓட்டையை முதலிலேயே போட்டு, ஓரத்தை அரத்தால் ராவி, 800 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரே திசையில் தேய்த்துக் கொடுங்கள். பெயர் வெட்டிய பிறகு ஓட்டை போட்டால் துரப்பணம் வழுக்கி எழுத்தின்மேல் கோடு விழும். பெயர்களை வாயால் சொல்லாதீர்கள். தாளில் பெரிதாக, தகட்டின் அதே அளவில், வரிக்கு ஒரு பெயராக அச்சடித்துக் கொடுங்கள். வெட்டுபவருக்குப் பழக்கமான பெயர் வேறு, இந்தப் பெயர்கள் வேறு. ஜார்வி ஜாவியாகவும் வார்னர் வர்னராகவும் மாறுவது தாள் இல்லாததால்தான். எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதற்குக் கீழே போனால் டகரத்தின் புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஸ், ஜ இரண்டும்தான் அதிகம் கெடும், அவற்றை நிதானமாக வெட்டச் சொல்லுங்கள். ஆவணி, தை போன்ற முகூர்த்த மாதங்களில் கொடுக்காதீர்கள். அங்கே சீர் சாமான் குவிந்து கிடக்கும், அவசரத்தில் வரி கோணும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ கொடுத்தால் உட்கார்ந்து பொறுமையாகச் செய்து தருவார்கள்.

வெட்டிய எழுத்தில் கறுப்பு எனாமலை வழிய விட்டு, பத்து நிமிடம் கழித்து மண்ணெண்ணெய் தொட்ட துணியைக் கட்டையில் சுற்றி மேலே மட்டும் துடையுங்கள். துணியை விரலில் சுற்றித் துடைத்தால் விரல் குழியில் இறங்கிப் பெயின்டை வெளியே இழுத்துவிடும். மேலே தெளிந்த லாக்கர் ஒரு பூச்சு.

தகட்டில் ஏழு பெயருக்குக் கீழே இன்னொரு வரி விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அன்றிரவு அணைகளுக்குக் கீழே வெள்ளத்தில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் நைஹைம் பக்கத்து முகாமில் அடைக்கப்பட்டிருந்த வெளிநாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள், குறிப்பாகக் கிழக்கு ஐரோப்பியப் பெண்கள். ஜெர்மனியின் போருக்கும் அவர்கள் பலியானவர்கள்தான். செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாம் உலகப்போர் என்றால் ரங்கூன்தான். 1941 டிசம்பர் 23-ல் அங்கே விழுந்த குண்டும், கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு அடுத்த ஆண்டு காட்டுவழியே நடந்து வந்தவர்களும்தான் நம் வீட்டுக் கதை. குண்டு போட்டவர் கதை இங்கே கிடையாது, குண்டுக்குக் கீழே இருந்தவர் கதைதான் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் இந்த விமானம் நிற்கும்போது தண்ணீருக்குக் கீழே போனவர்களுக்கும் ஒரு வரி இருப்பதுதான் முறை. ‘மோனே, எடர் பள்ளத்தாக்குகளில் இறந்தவர்கள், 17 மே 1943’ என்றால் போதும், 3 அங்குல உயரத்தில் தாராளமாக அடங்கும்.

அடிப்பலகைக்குப் பழைய பர்மா தேக்கு. பிரித்த வீடுகளின் சட்டமும் கதவும் காரைக்குடி மரக்கடைகளில் கிடைக்கும். புது மரத்தை வாங்கினால் ஐப்பசியில் உப்பி பங்குனியில் வெடிக்கும், பழையது அடங்கிப்போன மரம். 20 அங்குலத்துக்கு 14 அங்குலம், முக்கால் அங்குலத் தடிப்பு. பழைய ஆணி உள்ளே முறிந்து கிடக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் இழைப்புளியின் வாய் போய்விடும்.

விமானத்தைப் பறக்கும் நிலையில் வைப்பதா, தரையில் நிறுத்துவதா என்பது நீங்கள் எந்த எழுத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மோனே அணைக்கு நேராகக் குண்டு போட்டவர்கள் 60 அடி உயரத்தில் பறந்தார்கள். வயிற்றின் இரண்டு விளக்குகளின் ஒளியும் தண்ணீரில் எட்டு மாதிரி ஒன்றையொன்று தொட்டால் உயரம் சரி. 60 அடி 1/72-ல் சரியாக 10 அங்குலம். M கட்டினால் 10 அங்குல எஃகுக் கம்பியில் நிறுத்துங்கள், அவ்வளவு பெரிய இறக்கை தண்ணீருக்கு எவ்வளவு அருகில் போனது என்பது பார்த்ததும் விளங்கும். குண்டு போட்ட தூரம் அணையிலிருந்து 400 முதல் 450 கெஜம். அது இதே அளவில் 17 அடி முதல் 19 அடி, பட்டாலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. விமானத்தை ஒரு முனையிலும், 55 சென்டிமீட்டர் உயர அட்டையை மறுமுனையிலும் வைத்தால் அதுதான் 40 மீட்டர் மோனே அணை.

ஆனால் K அணையைப் பார்க்கவே இல்லை. அதை அந்த 10 அங்குலக் கம்பியில் வைப்பது பொய்யாகிவிடும். சக்கரத்தை இறக்கி, குண்டோடு, புறப்படுமுன் நிற்கும் நிலையில் பலகையின்மேல் நிறுத்துங்கள். அந்த எடைக்கு டயர் அடிப்பக்கம் நசுங்கி இருக்கும். 400 நம்பர் தாளில் நான்கைந்து தேய்ப்புத் தேய்த்துத் தட்டையாக்கினால் போதும். சக்கரக் கால்கள் குறுக்குச்சட்டங்களோடு சிக்கலானவை. விளக்கத்தாளில் சொன்ன வரிசையை இங்கே மட்டும் மாற்றாதீர்கள், பசை முழுவதும் இறுகுமுன் இரண்டு காலையும் முன்னாலிருந்து பார்த்து ஒரே கோணத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தாக்குதலில் உயிர் பிழைத்த 80 பேரில் 32 பேர் போர் முடியுமுன் இறந்தார்கள். மிஞ்சிய 48 பேரில் கடைசியாக இருந்த ஜானி ஜான்சன் 2022 டிசம்பரில் 101 வயதில் காலமானார். அவர் சோர்ப்பே அணைக்குப் போன AJ-T-யில் குண்டு குறிபார்த்தவர். பெட்டிக்குள் வரும் தாளில் இவையெல்லாம் இல்லை. உற்பத்தியாளர் ஒரு பக்கத்தில் 19 விமானத்தின் எழுத்தையும் எண்ணையும் 133 பெயரையும் அச்சடித்து வைத்தால் செலவு மிகக் குறைவு. அதோடு ஒரு K, ஒரு M, ஒரு E எழுத்தும், கூடுதலாகச் சில எண்களும் வைத்தால் எங்கள் வருத்தம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதல்முறை கிட் கட்டுபவர் இதை எடுக்க வேண்டாம். ஒற்றை இன்ஜின் விமானம் ஒன்றிரண்டு முடித்துவிட்டு வாருங்கள். ஓரளவு கை பழகியவர்கள் தயங்காமல் வாங்கலாம். பொருத்தம் நன்றாக இருக்கிறது, உருவம் சரியாக இருக்கிறது. பார்சல் வந்ததும் கண்ணாடிச் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைத் திறங்கள். அதைத்தான் தனியாக மாற்றி வாங்க முடியாமல் பலர் தவிக்கிறார்கள்.

முடித்தபின் எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். வளவை ஒட்டிய அலமாரியில் மத்தியான வெயில் விழும் இடமானால் மெல்லிய பாகங்கள் ஒரு கோடையில் வளையும், எழுத்து வெளுக்கும். துணி பீரோவில் வைத்தால் அந்துருண்டை கூடவே கூடாது. அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். கண்ணாடிப் பெட்டி செய்தால் பின்பக்கம் அரை அங்குலம் இடைவெளி விட்டு மெல்லிய துணி ஒட்டுங்கள். தகட்டை நான்கு திருகாணியில் மாட்டுங்கள், பசை போட்டு ஒட்டாதீர்கள். லாக்கர் போய்ப் பித்தளை கறுக்கும் நாளில் அதைக் கழற்றி எடுத்துத் தனியாகப் புளி போட்டுத் துலக்கி, நன்றாகக் காயவைத்து, மறுபடி லாக்கர் அடித்து மாட்டலாம். புளித்தண்ணீர் தேக்கில் பட்டால் கறை பிடிக்கும், விமானத்தின் மேட் பூச்சில் பட்டால் அந்த இடம் வெளுத்துவிடும்.